கடிகாரத்தை நகர்த்தினால் பகல் நீளுமா?

கிரிக்கெட் ஆட்டத்தில் ஈடுபாடுள்ள மாணவர் ஒருவர் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "ஐயா, லண்டன் நேரம் நம் நேரத்திற்கு ஐந்தரை மணி பின்தங்கியது என்று படித்திருக்கிறோம். லார்ட்ஸ் மைதானத்தில் காலை 11 மணிக்கு டெஸ்ட் ஆட்டம் தொடங்கினால், இங்கே மாலை 4-30 ஆக வேண்டும். ஆனால் 3-30க்கே முதல் பந்து வீசப்படுகிறதே! நடுவில் ஒரு மணி நேரம் எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பாடப் புத்தகமும் தவறவில்லை, ஒளிபரப்பும் தவறவில்லை. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு அன்று பிரிட்டனில் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு அன்று மீண்டும் பின்னுக்கு இழுக்கிறார்கள். இடைப்பட்ட மாதங்களில் அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு நாலரை மணிதான். இதற்குப் 'பகலொளிச் சேமிப்பு நேரம்' என்று பெயர். கோடை நேரம் என்றும் கூறுவர்.

இந்த வழக்கத்தை வைத்துக்கொள்வதா, ஒழித்துவிடுவதா என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். இரு தரப்பினரும் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். அந்த வாதங்களில் உரம் உள்ளவை எவை, பதர் எவை என்று புடைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானம் சொல்லும் கணக்கு

பூமியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருப்பதால் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. நிலநடுக்கோட்டிற்கு அருகே இந்த மாறுதல் சிறிது. சென்னையில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம். மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். வேறுபாடு ஒன்றரை மணிதான். ஆகவேதான் நமக்கு இந்தத் தொல்லை தேவைப்படவில்லை.

லண்டன் 51½ பாகை வடக்கே இருக்கிறது. அங்கே ஜூன் மாதப் பகல் 16 மணி 38 நிமிடம்; டிசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. கிரீன்விச் நேரப்படி ஜூனில் அதிகாலை 3-43க்குக் கதிரவன் எழுகிறான், ஊரே உறங்கிக்கொண்டிருக்கிறது. இரவு 8-21க்கு மறைகிறான். கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினால் இந்த நேரங்கள் 4-43 என்றும் 9-21 என்றும் பெயர் மாறுகின்றன. இரண்டு கணக்கிலும் பகல் அதே 16 மணி 38 நிமிடம்தான். ஒரு நொடியும் கூடவில்லை.

அப்படியானால் நடந்தது என்ன? வீட்டில் இரண்டு பானைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காலைப் பானை, மற்றது மாலைப் பானை. காலைப் பானையிலிருந்து ஒரு படி அரிசியை அள்ளி மாலைப் பானையில் போடுகிறோம். வீட்டிலுள்ள மொத்த அரிசி மாறவில்லை. கோடையில் காலைப் பானை நிரம்பி வழிகிறது. அள்ளினால் யாருக்கும் நட்டமில்லை. குளிர்காலத்திலோ காலைப் பானையே அடி தெரியக் கிடக்கிறது. அதிலிருந்தும் அள்ளலாமா? இந்த வழக்கின் முடிச்சு முழுவதும் இக்கேள்வியில்தான் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

யோசனை பிறந்த வரலாறு

இந்த யோசனையைப் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கண்டுபிடித்தார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. இது சரியன்று. 1784இல் பாரிஸ் நகரப் பத்திரிகை ஒன்றுக்கு அவர் எழுதியது வேடிக்கையான கடிதம். பாரிஸ் மக்கள் விடியலில் எழுந்தால் எவ்வளவு மெழுகுவர்த்தி மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கடிகாரத்தைத் தொடும்படி அவர் சொல்லவே இல்லை.

1895இல் நியூசிலாந்தில் ஜார்ஜ் ஹட்சன் என்பவர் இதனை முதலில் முறையாக முன்வைத்தார். அஞ்சல் நிலையத்தில் பணியாற்றிய அவருக்குப் பூச்சிகளைச் சேகரித்து ஆராய்வதில் பெருவிருப்பம். வேலை முடிந்தபின் வெளிச்சம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நகர்த்தலாம் என்று வெலிங்டன் அறிஞர் கழகத்தில் கட்டுரை படித்தார். 1907இல் இங்கிலாந்தில் வீடு கட்டும் தொழில் நடத்திய வில்லியம் வில்லெட், பகலொளி வீணாவதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் வீதம், மொத்தம் 80 நிமிடம் நகர்த்தலாம் என்பது அவருடைய திட்டம். பாராளுமன்றம் அதை ஏற்கவில்லை. 1915இல் வில்லெட் இறந்துபோனார்.

அவருடைய யோசனைக்கு உயிர் கொடுத்தது போர். நிலக்கரியை மிச்சப்படுத்த வேண்டி ஜெர்மனி 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 30இல் கடிகாரங்களை முன்னே தள்ளியது. மூன்று வாரம் கழித்து, மே 21இல், எதிரி நாடாகிய பிரிட்டனும் அதையே செய்தது. அமெரிக்கா 1918இல் பின்பற்றியது. உழவர்களுக்காகவே இந்த ஏற்பாடு வந்தது என்று சிலர் சொல்வதுண்டு, உண்மை நேர்மாறானது. பனி உலர்ந்த பிறகே வயலில் இறங்க முடியும், பசு கடிகாரம் பார்த்துப் பால் சுரப்பதில்லை என்று அமெரிக்க உழவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். 1919இல் குடியரசுத் தலைவர் வில்சனின் மறுப்பையும் மீறி அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டத்தை நீக்கியது.

நம் பகுதியும் இதற்கு முற்றிலும் அந்நியமன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, இந்தியக் கடிகாரங்களும் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டிருந்தன. இலங்கையில் 1996இல் கடும் மின்தட்டுப்பாடு வந்தபோது நேரத்தை ஒரு மணி முன்னே வைத்தனர். சில மாதங்களில் அதை அரை மணியாகக் குறைத்தனர். 2006இல் பழைய நேரத்திற்கே திரும்பினர்.

மின்சாரம் மிச்சமாகிறதா?

ஆதரிப்போரின் முதல் வாதம் இதுதான். மாலையில் வெளிச்சம் இருந்தால் விளக்கு ஏற்ற வேண்டியதில்லை; எனவே மின்சாரம் மிச்சம் என்கிறார்கள். 1916இல் இது நியாயமான வாதம். அன்று வீட்டு மின்சாரத்தின் முக்கிய வேலை விளக்கு எரிப்பதே. இன்று எல்.இ.டி. விளக்குகள் மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிகின்றன. வீட்டு மின்சாரத்தை விழுங்குபவை வெப்பமூட்டிகளும் குளிர்சாதனங்களும்தான். அவை கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை. வெப்பநிலையைப் பார்த்து ஓடுகின்றன.

2007இல் அமெரிக்கா கோடை நேரத்தை ஏறத்தாழ நான்கு வாரம் நீட்டித்தது. விளைவை அந்நாட்டு எரிசக்தித் துறை ஆராய்ந்து 2008இல் அறிக்கை தந்தது. நீட்டித்த நாட்களில் நாளொன்றுக்கு 0.5 சதவீதம் மிச்சம் என்றது. ஆண்டு முழுவதற்கும் பரப்பிப் பார்த்தால் இது 0.03 சதவீதம். அதாவது பத்தாயிரம் யூனிட்டுக்கு மூன்று யூனிட்.

இண்டியானா மாநிலத்தில் கிடைத்த சான்று இன்னும் சுவையானது. 2006க்கு முன் அம்மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்கள் கடிகாரத்தை மாற்றுவதில்லை. சில மட்டும் மாற்றிவந்தன. 2006 முதல் மாநிலம் முழுவதும் மாற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் நாம் ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றொரு மாதிரியை மாற்றாமல் வைத்து ஒப்பிடுகிறோம் அல்லவா? அதைப் போன்ற வாய்ப்பை அந்தச் சட்டமே ஏற்படுத்திக் கொடுத்தது. கோட்சென், கிராண்ட் என்னும் இரு பொருளியலறிஞர்கள் வீடுகளின் மின்கட்டணப் பதிவுகளை ஒப்பிட்டனர். மின்செலவு குறையவில்லை, ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடியிருந்தது! விளக்கில் மிச்சமானதைக் காட்டிலும், சூடான மாலை நேரத்துக் குளிர்சாதனங்களும் குளிர்ந்த காலை நேரத்து வெப்பமூட்டிகளும் அதிகம் செலவிட்டுவிட்டன.

சிட்னி ஒலிம்பிக் பந்தயங்களுக்காக 2000இல் ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்கள் கோடை நேரத்தை முன்கூட்டியே தொடங்கின. அங்கேயும் மாலையில் குறைந்த மின்தேவை காலையில் கூடிச் சரியாகிவிட்டது என்று ஆராய்ந்தவர்கள் கண்டனர். பாலை வெயில் காயும் அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதி 1968 முதல் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. அவர்களுக்கு மாலையில் இன்னும் ஒரு மணி நேர வெயில் எதற்கு? ஆகவே மின்சாரச் சேமிப்பு என்னும் வாதம் இன்று நிற்கவில்லை என்றே கூற வேண்டும்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

எதிர்ப்போரின் முக்கிய வாதம் உடல்நலம். நம் மூளையில், இரு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு தொகுதி இருக்கிறது. உறக்கம், விழிப்பு, உடல்வெப்பம், சுரப்பிகள் ஆகியவற்றின் நாள்முறையை நடத்தும் கடிகாரம் இதுதான். இத்தகைய உயிர்க்கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதனின் உள்கடிகாரம் பெரும்பாலோரிடம் 24 மணிக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகவே ஓடுகிறது. அப்படியே விட்டால் நாளுக்கு நாள் பின்தங்கும். அதைத் தினந்தோறும் சரிசெய்வது வெளிச்சம். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. மாலை வெளிச்சம் பின்னே இழுக்கிறது. சுவர்க் கடிகாரத்தின் முள்ளைச் சட்டம் நகர்த்தலாம். இந்த முள்ளைக் கதிரவன்தான் நகர்த்த வேண்டும். மார்ச் மாதத்து ஞாயிறு அன்று சட்டம் ஒரு மணியை ஒரே இரவில் பறித்துக்கொள்ளும்போது, உள்ளே இருக்கும் கடிகாரம் அதைப் பின்பற்றச் சில நாட்கள் ஆகின்றன.

இதன் விளைவுகள் அளந்து பார்க்கப்பட்டுள்ளன. ஸ்வீடன் நாட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரை, கடிகாரம் முன்னே தள்ளப்பட்ட முதல் வாரத்தில் மாரடைப்பு ஏறத்தாழ 5 சதவீதம் கூடியது என்றது. 1996 முதல் 2017 வரையிலான அமெரிக்கச் சாலை விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அந்த வாரத்தில் உயிர்ப்பலி விபத்துகள் ஏறத்தாழ 6 சதவீதம் கூடுவதாக 2020இல் எழுதினர்.

ஆனால் இங்கேயும் நாம் தராசை நேராகப் பிடிக்க வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வில், மாற்றத்திற்கு மறுநாளான திங்களன்று மாரடைப்பு 24 சதவீதம் கூடியிருந்தது. இந்த எண்ணை மட்டும் எடுத்து முழங்குவோர் பலர். அதே ஆய்வு, அந்த வாரத்தின் மொத்த எண்ணிக்கை மாறவில்லை என்றும் சொல்கிறது. அதாவது வர இருந்தவை இரண்டொரு நாள் முன்னால் வந்திருக்கக்கூடும். பாதி முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவது விஞ்ஞானம் ஆகாது. எனினும், லாபம் இல்லாத ஒரு வழக்கத்திற்காக ஆண்டுதோறும் கோடிக்கணக்கானோரின் உறக்கத்தைக் குலைக்க வேண்டுமா என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது.

மாலை வெளிச்சத்தின் நியாயம்

கோடை நேரத்திற்கு வலுவான வாதமே இல்லையா? உண்டு. பணி முடிந்து வருவோர்க்கு விளையாடவும் உலாவவும் வெளிச்சம் கிடைக்கிறது. "வேண்டுமானால் அவரவர் சீக்கிரம் எழுந்துகொள்ளட்டுமே" என்று கூறுவது எளிது. ஆனால் பள்ளியும் அலுவலகமும் ரயிலும் பழைய நேரத்தில் ஓடினால் ஒருவர் மட்டும் எழுந்து என்ன செய்வது? எல்லோரையும் ஒரே நேரத்தில் முன்னே நகர்த்தும் உபாயம் என்ற அளவில் கடிகார மாற்றம் சாதுரியமானதே.

சாலை விபத்து பற்றியும் ஒரு செய்தி உண்டு. 1968 முதல் 1971 வரை பிரிட்டன் குளிர்காலத்திலும் கடிகாரத்தைப் பின்னே இழுக்காமல் கோடை நேரத்திலேயே இருந்து பார்த்தது. இருண்ட காலைகளில் விபத்து கூடியது. வெளிச்சமான மாலைகளில் குறைந்தது. குறைந்ததே அதிகம் என்று கணக்கிட்டவர்கள் கூறினர். ஆனால் 1967 அக்டோபரில்தான் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரை மூச்சுப் பரிசோதனையால் பிடிக்கும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்திருந்தது. விபத்து குறைந்ததில் வெளிச்சத்தின் பங்கு எவ்வளவு, அந்தச் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை. இரண்டு காரணிகளை ஒன்றாக மாற்றிவிட்டு ஒன்றுக்கு மட்டும் பெருமை சேர்ப்பது நம் மாணவர்கள் செய்முறைத் தேர்விலும் செய்யும் பிழைதான்.

மூன்று நாடுகள் செய்துபார்த்த பரிசோதனை

'ஒழிக்க வேண்டும்' என்போர் பலர். ஆனால் எதை ஒழிப்பது? ஆண்டுக்கு இருமுறை மாற்றுவதை நிறுத்திவிட்டால், ஆண்டு முழுவதும் எந்த நேரத்தில் இருப்பது? வழக்கமான நேரத்திலா, கோடை நேரத்திலா? விவாதத்தில் பெரும் குழப்பம் இங்கேதான். மாலை வெளிச்சத்தை விரும்பும் பலர், நிரந்தரக் கோடை நேரமே இனிய தீர்வு என்று நினைக்கிறார்கள். பானைக் கதையை இப்போது நினைத்துப் பாருங்கள். இது குளிர்காலக் காலைப் பானையிலிருந்தும் ஒரு படி அள்ளுவதாகும்.

இதை மூன்று பெரிய நாடுகள் செய்து பார்த்துவிட்டன. முதலாவது, மேலே கண்ட பிரிட்டன். கிளாஸ்கோ நகரில் டிசம்பர் மாதத்தில் வழக்கமான நேரப்படியே 8-45க்குத்தான் கதிரவன் எழுகிறான். நிரந்தரக் கோடை நேரத்தில் அது 9-45 ஆயிற்று. குழந்தைகள் கும்மிருட்டில் பள்ளிக்குச் சென்றனர். 1970 டிசம்பரில் பாராளுமன்றம் 366க்கு 81 என்ற வாக்குகளால் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தது.

இரண்டாவது அமெரிக்கா. எண்ணெய் நெருக்கடியின்போது, 1974 ஜனவரி 6 முதல் இரண்டாண்டுக்கு நிரந்தரக் கோடை நேரம் என்று அறிவித்தனர். தொடக்கத்தில் பெருவாரியான மக்கள் வரவேற்றனர். இருளில் பள்ளி சென்ற குழந்தைகள் விபத்துக்குள்ளான செய்திகள் வரவும் ஆதரவு மளமளவென்று சரிந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே சட்டத்தைத் திருத்தி, குளிர்காலத்தில் பழைய நேரத்திற்குத் திரும்பினர்.

மூன்றாவது ரஷ்யா. 2011இல் நிரந்தரக் கோடை நேரத்திற்கு மாறியது. முடிவில்லாத இருட்டுக் காலைகளைப் பற்றிய முறையீடுகளுக்குப் பின், 2014 அக்டோபர் 26இல் நிரந்தர வழக்கமான நேரத்திற்கு மாறியது.

மூன்று நாடுகள்; மூன்று வெவ்வேறு காலங்கள்; முடிவு ஒன்றே. விரும்பித் தொடங்கினர், ஒரு சில குளிர்காலங்களுக்குள் வெறுத்துக் கைவிட்டனர். ஏன்? மே மாத மாலையில் அமர்ந்து சிந்திப்பவனுக்கு ஜனவரிக் காலை நினைவுக்கு வருவதில்லை.

இப்பாடம் மறக்கப்படுகிறது என்பதுதான் வருந்தத்தக்கது. 2018இல் ஐரோப்பிய ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டபோது 46 லட்சம் பேர் பதிலளித்தனர். 84 சதவீதத்தினர் மாற்றத்தை ஒழிக்கச் சொன்னார்கள். ஐரோப்பாவே பேசிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் பதில்களில் ஏறத்தாழ 70 சதவீதம் ஜெர்மனியிலிருந்து மட்டும் வந்தவை. தாமாக முன்வந்து எழுதியோரின் எண்ணிக்கை அது. முறைப்படி தேர்ந்தெடுத்த மாதிரி அன்று. 2019 மார்ச்சில் ஐரோப்பியப் பாராளுமன்றம் 410க்கு 192 என்ற வாக்குகளால், 2021இல் மாற்றத்தை நிறுத்தலாம் என்றது. எந்த நேரத்தில் நிற்பது என்பதை ஒவ்வொரு நாட்டுக்கும் விட்டது. நாடுகள் உடன்படவில்லை, 2021 வந்தது, போயிற்று, கடிகாரங்கள் தொடர்ந்து நகர்ந்தன. அமெரிக்கச் செனட் சபையோ 2022 மார்ச்சில், 1974ஐ மறந்து, நிரந்தரக் கோடை நேர மசோதாவை ஒரு மனதாக நிறைவேற்றியது. கீழ்சபை அதை எடுத்துக்கொள்ளாததால் அது சட்டமாகவில்லை.

எதை நீக்குவது, எதை நிறுத்துவது?

கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவது என்பது, பூமியின் சுழற்சிக் கணக்கில் 15 பாகை கிழக்கே இருப்பதாகப் பாவனை செய்வது. ஸ்பெயின் ஏற்கெனவே தன் இடத்திற்கு ஏற்ற நேரத்தைவிட ஒரு மணி முன்னே இருக்கிறது. கோடையில் இன்னொரு மணியும் சேர்வதால் மாட்ரிட் நகரில் கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறத்தாழ 2-15 காட்டுகிறது! இதையே ஆண்டு முழுவதும் வைத்தால், மேற்கு முனையிலுள்ள கலீசியாவில் குளிர்காலச் சூரியோதயம் காலை 10 மணியளவில் நிகழும்.

ஆகவே என் முடிவு இது. ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை நகர்த்துவதை ஒழிக்கலாம்; அதன் பழைய லாபம் கரைந்துவிட்டது. ஆனால் ஒழித்துவிட்டு நிற்க வேண்டிய இடம் வழக்கமான நேரம். கோடை நேரம் அன்று. நிரந்தரக் கோடை நேரம் கிடைக்கும் என்றால், இப்போதுள்ள இருமுறை மாற்றமே அதைவிட மேல் என்பேன். குளிர்காலக் காலையையாவது அது விட்டுவைக்கிறது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகமும் 2020இல் வழக்கமான நேரத்தையே பரிந்துரைத்தது. மெக்சிகோ 2022இல் அதன் பெரும்பகுதிக்கு அவ்வழியையே தேர்ந்தது. கோடை விடியலை வீணாக்க மனமில்லாத ஊர்கள் பள்ளியையும் அலுவலகத்தையும் முன்னதாகத் திறந்துகொள்ளட்டும். அதில் சிரமம் உண்டு. ஆனால் நாம் மாற்றுவது நம் ஏற்பாட்டை என்பது அதில் ஒளிவுமறைவின்றித் தெரியும்.

வழக்கமான நேரம் மட்டும் வானம் எழுதிக் கொடுத்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அதுவும் மனித ஏற்பாடே. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முற்றத்தில் ஒரு கோலை நேராக நட்டு, அதன் நிழல் மிகக் குறுகும் கணத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. பாகைக்கு 4 நிமிடம். எனவே சென்னையில் உச்சிப்பொழுது சராசரியாக 12-09க்கும், கோவையில் 12-22க்கும் வரும். பருவத்திற்கு ஏற்பச் சுமார் 16 நிமிடம் வரை இப்புறமோ அப்புறமோ நகரும். இத்தகைய நிமிடக்கணக்கு வேறுபாட்டை உடல் தாங்கிக்கொள்கிறது. மணிக்கணக்கில் போகும்போதுதான், பனிக்காலத்து இருட்டில் பள்ளி வாகனத்திற்காகக் காத்து நிற்கும் குழந்தை அதற்கு விலை கொடுக்கிறது.

அந்த மாணவருக்கும் இதையே சொன்னேன்: "தம்பி, அந்த ஒரு மணி நேரம் எங்கும் போகவில்லை. லண்டன்காரர்கள் அதைக் காலையிலிருந்து எடுத்து மாலையில் வைத்திருக்கிறார்கள். கோடையில் எடுத்தால் பிழையில்லை. குளிர்காலத்திலும் எடுக்கப் புறப்பட்டால், காலையில் எழுந்து செல்பவர்களைக் கேட்டுவிட்டு எடுக்கட்டும்."